பிடிக்காத அயல்நாட்டுப் போருக்குள் தலைவர்கள் எப்படி இறங்குகிறார்கள்? வியட்நாம் 1965-ஐ முன்வைத்து

#1 ஆவணப்பித்தன்

"அமெரிக்க அதிபர் ஜான்சன் வியட்நாமில் போருக்குப் போனார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். எந்தத் தேதியில் போனார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. அந்தத் தேதியைத் தேடிப் பார்க்கத்தான் இந்த இழை.

முதலில் ஆள் கணக்கு. ஐசன்ஹோவர் பதவி முடிந்து போகும்போது தென்வியட்நாமில் இருந்த அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் 1,000 பேருக்கும் குறைவு. கென்னடி கொல்லப்பட்டபோது சுமார் 16,000. 1964 முடிவில் 23,000. 1965 முடிவில் 1,84,000. 1966 முடிவில் 3,85,000. 1967 முடிவில் 4,85,000. உச்சம் 1969 ஏப்ரலில், 5,43,000.

கோடு செங்குத்தாக ஏறுவது 1965-இல். அந்த ஆண்டின் முதல் ஏழு மாதங்களைப் பாருங்கள். பிப்ரவரி 7 அன்று தென்வியட்நாமின் பிளேக்கு முகாம் மீது வடவியட்நாம் ஆதரவுக் கெரில்லாக்கள் தாக்குதல், 8 அமெரிக்கர் பலி. பதிலுக்கு வடவியட்நாம் மீது ஒரு குண்டுவீச்சு. பிப்ரவரி 10 அன்று குயி நோனில் 23 பேர் பலி, மறுபடியும் பதிலடி. மார்ச் 2 அன்று அந்தப் பதிலடி "ரோலிங் தண்டர்" என்ற தொடர் குண்டுவீச்சாக மாறுகிறது. எட்டு வாரத் திட்டமாகத் தொடங்கியது, 1968 அக்டோபர் கடைசி வரை ஓடியது. மார்ச் 8 அன்று, விமானங்கள் நிற்கும் டா நாங் தளத்தைக் காவல் காக்க 3,500 மரைன்கள் (கடற்படையோடு இயங்கும் தரைப்படையினர்) இறங்குகிறார்கள். ஏப்ரல் 6 அன்று தேசியப் பாதுகாப்புக் குறிப்பாணை 328 வருகிறது: இன்னும் இரண்டு மரைன் பட்டாலியன், 18,000 முதல் 20,000 வரை துணைப்படை, அதோடு மரைன்களின் வேலையைக் "கூடுதல் செயல்முனைப்போடு" மாற்றிக்கொள்ள அனுமதி. ஏப்ரல் 20 ஹோனலூலு கூட்டத்தில் பேச்சு 82,000-க்குப் போய்விட்டது. ஜூன் 7 அன்று தளபதி வெஸ்ட்மோர்லண்ட் 44 பட்டாலியன் கேட்கிறார். ஜூலை 28 அன்று ஜான்சன் நண்பகல் செய்தியாளர் கூட்டத்தில் 1,75,000 பேர் என்று அறிவிக்கிறார்.

ஒவ்வொரு படிக்கும் காரணம் அதற்கு முந்தைய படிதான். விமானம் போனதால் காவல் வேண்டியிருந்தது. காவல் போனதால் ரோந்து. ரோந்தில் ஆள் செத்ததால் கூடுதல் படை. "போருக்குப் போகலாமா, வேண்டாமா" என்ற கேள்வி தனியாக ஒரு தாளில் எழுதி மேசைக்கு வந்த நாள் என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

#2 செங்கோடன்

ஒரு திருத்தம், ஒரு மறுப்பு.

திருத்தம்: ஜூலை 28 அன்று வெளியில் சொன்ன எண் 1,25,000. அதுவரை இருந்த 75,000-உடன் 50,000 சேர்த்தது. 1,75,000 என்பது பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா ஜூலை 20 அன்று கொடுத்த குறிப்பில் உள்ள எண். அன்றைய அறிவிப்பிலேயே "பின்னால் இன்னும் தேவைப்படும், கேட்கும்போது அனுப்பப்படும்" என்று ஒரு வாக்கியம் உண்டு. தலைப்புச் செய்தியில் வந்தது 50,000 மட்டும்தான்.

மறுப்பு: இதை வழுக்கி விழுந்த கதையாகச் சொன்னால் பொறுப்பு யார் தலையிலும் ஏறாமல் போய்விடும். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1964 மே 27 அன்று ஜான்சன் தன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியிடம் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு இருக்கிறது. இதற்காகச் சண்டை போடுவது தகும் என்று தோன்றவில்லை, வெளியே வரவும் முடியும் என்று தோன்றவில்லை என்கிறார். இது, போருக்கு நாடாளுமன்ற அனுமதி வாங்கிக் கொடுத்த டோங்கின் வளைகுடா சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பு.

அதே ஆண்டு ராணுவமே நடத்திய சிக்மா போர் ஒத்திகைகளில், குண்டுவீச்சால் ஹனோய், அதாவது வடவியட்நாம் அரசு, பணியாது என்றுதான் விடை வந்தது. அக்டோபரில் துணை வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பால் 67 பக்கக் குறிப்பு எழுதினார். புலி முதுகில் ஏறிவிட்டால் எங்கே இறங்குவது என்பது நம் கையில் இருக்காது என்பது அவர் எச்சரிக்கை. நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அதேதான். துணை அதிபர் ஹம்ஃப்ரி 1965 பிப்ரவரி 17 அன்று எழுதிய குறிப்பு இன்னும் நறுக்கென்று இருக்கும்: தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற அரசுக்கு, அரசியல் இழப்பு அதிகமில்லாமல் வெளியேற இந்த ஆண்டைவிட நல்ல ஆண்டு வராது என்றார். அதற்குப் பிறகு வியட்நாம் கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுவதே நின்றது. ஓராண்டு அப்படியே போனது.

பள்ளம் இருக்கிறது என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தே இறங்கியவர்களை "தடுக்கி விழுந்தார்கள்" என்று எழுதக் கூடாது.

#3 படைக்கணக்கு

தேதித் திருத்தம் சரி. ஆனால் "காவல்" என்ற சொல் எப்படிப் போராக மாறுகிறது என்பதைக் களத்தில் நின்று பார்க்க வேண்டும். டா நாங்கை எடுத்துக்கொள்வோம்.

விமானத்தளத்தின் ஓடுபாதை சுமார் 3 கிலோமீட்டர். வேலியைச் சுற்றி ஆள் நிறுத்தினால் போதும் என்று முதலில் தோன்றும். எதிரியிடம் 82 மி.மீ. மோர்ட்டார் இருக்கிறது, அது 3 கிலோமீட்டர் எறியும். ஆகவே வேலியிலிருந்து 3 கிலோமீட்டர் வெளியே வரை எதிரி உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தளத்தை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டால்கூட அது 28 சதுர கிலோமீட்டர். தளத்தின் நீளத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அந்தப் பரப்பில் வயல் இருக்கிறது, ஊர்கள் இருக்கின்றன, ஊரில் மக்கள் இருக்கிறார்கள். வேலிக்காவல் அங்கே ஊர்ச்சோதனையாகிறது.

1967 பிப்ரவரியில் டா நாங் மீது 140 மி.மீ. ராக்கெட்டுகள் வந்து விழுந்தன. அவை 10 கிலோமீட்டர் வரை போகும். பத்து கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 314 சதுர கிலோமீட்டர். அதே ஓடுபாதை, அதே "காவல்" உத்தரவு, பரப்பு மட்டும் பதினோரு மடங்கு. அந்த வளையத்துக்கு மரைன்கள் "ராக்கெட் பெல்ட்" என்றே பேர் வைத்தார்கள்.

தென்வியட்நாமுக்கான அமெரிக்கத் தூதர் மாக்ஸ்வெல் டெய்லர், அவரும் முன்னாள் தளபதிதான், 1965 பிப்ரவரி 22 தந்தியில் இதைச் சொல்லிவிட்டார். தரைப்படை வேண்டாம் என்ற கொள்கையை ஒருமுறை உடைத்துவிட்டால் பிறகு எந்த இடத்திலும் கோடு போட்டு நிறுத்துவது கடினம் என்றார். இரண்டு வாரத்தில் மரைன்கள் கரையிறங்கினார்கள்.

ஓர் அரசு எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஆள் எண்ணிக்கையைவிட உத்தரவில் உள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். ஆலோசனை கூறுதல், காவல் காத்தல், ரோந்து போதல், துணைநிற்றல், தேடி அழித்தல். எண்ணிக்கை மாறினால் பத்திரிகைக்குத் தெரியும். வினைச்சொல் மாறினால் தெரியாது. குறிப்பாணை 328-இல் இந்த மாற்றத்துக்கு விளம்பரம் கொடுக்காமல், கொள்கை மாறியதாகத் தெரியாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லித் தனியாகவே உத்தரவு இருந்தது.

#4 இளவேனில்

படைக்கணக்கு சார், வட்டக் கணக்கு நன்றாகப் புரிந்தது. எனக்கு ஒரு சந்தேகம். செங்கோடன் சொல்வதுபோல எதிர்ப்புக் குறிப்புகள் மேசையில் இருந்தன. மேசையில் இருந்தும் அவை ஏன் எடுபடவில்லை? யாரும் படிக்கவில்லையா, படித்தும் ஒதுக்கிவிட்டார்களா?

#5 ஆவணப்பித்தன்

படித்தார்கள். ஜார்ஜ் பாலின் 1965 ஜூலை 1 குறிப்பு ஜான்சன் கைக்குப் போனது, ஜூலை 21 கூட்டத்தில் அவரைப் பேசவும் விட்டார்கள். பாலுக்கு அந்த அவையில் "எதிர்வாதம் பேசுபவர்" என்ற இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்திலிருந்து யார் எதைச் சொன்னாலும் "எல்லாப் பக்கமும் கேட்டாயிற்று" என்ற நிறைவுதான் மிஞ்சும். 1966-இல் அவர் பதவி விலகினார்.

இதைவிட முக்கியம், தேர்வுகள் எழுதப்படும் விதம். 1964 நவம்பரில் வெளியுறவுத் துறையின் வில்லியம் பண்டி (மக்ஜார்ஜின் அண்ணன்) தலைமையில் ஒரு குழு மூன்று வழிகள் எழுதியது. முதல் வழி, இப்போது செய்வதையே செய்வது. இரண்டாவது, ஒரேயடியாகக் கடுமையாகக் குண்டுவீசுவது. மூன்றாவது, மெதுவாக ஏற்றிக்கொண்டே போவது, வேண்டியபோது நிறுத்திக்கொள்வது. முதலாவது தோல்விக்குப் போகும் பாதை என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது சீனாவை இழுத்துவிடும் என்ற பயம். படிப்பவர் கை மூன்றாவதன் மேல்தான் போய் நிற்கும். அந்த மூன்றில் வெளியேறுவதற்கென்று ஒரு வழி, அதன் செலவோடும் கால அட்டவணையோடும், கிடையாது.

வெளியேறும் வழியைத் தாளில் சேர்த்தாலும் ஒரு சிக்கல் வரும். ஏறுவதன் செலவு தவணை முறையில் தெரிகிறது: இந்த மாதம் இரண்டு பட்டாலியன். வெளியேறுவதன் செலவு மொத்தமாக, நாளைக் காலைச் செய்தியாகத் தெரிகிறது: தென்வியட்நாம் தலைநகர் சைகோன் விழுந்தது. ஒரே தாளில் ஒன்றைத் தவணையாகவும் மற்றதை மொத்தமாகவும் எழுதினால், எந்தத் தலைவரும் தவணையைத்தான் எடுப்பார்.

இது அந்தக் காலத்தோடு போகவில்லை. 2009-இல் ஆப்கானிஸ்தானுக்காக ஒபாமா முன் வந்த எண்கள் சுமார் 11,000, 40,000, 85,000. 85,000 பேரை அனுப்பவே முடியாது, அத்தனை படை கையில் இல்லை. 11,000 போதாது என்று எழுதியிருந்தது. ராணுவம் விரும்பியது 40,000. ஒபாமா அதில் கொஞ்சம் குறைத்து 30,000 என்றார், 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவார்கள் என்று ஒரு தேதியையும் சேர்த்து டிசம்பர் 1 அன்று அறிவித்தார். தேதி போட்டது நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அது தொடங்கும் தேதி, முடியும் தேதி அல்ல.

#6 செங்கோடன்

இதை ஏற்கிறேன். தாளைத் தயார் செய்தவர்களும் தெரிந்தேதான் செய்தார்கள் என்பதை மட்டும் விடாமல் சொல்கிறேன். பாதுகாப்பு உதவிச் செயலர் மக்நாட்டன் 1965 மார்ச் 24 அன்று தன் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பில் போரின் நோக்கத்தைச் சதவீதம் போட்டுப் பிரித்தார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70. தென்வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமல் பார்ப்பது 20. அந்நாட்டு மக்கள் நல்ல வாழ்க்கை வாழ உதவுவது 10. மேடையில் மக்களிடம் சொன்னது அந்தக் கடைசிப் பத்தை. அந்த மக்களில் பல லட்சம் பேர் இந்தப் போரில் செத்தார்கள். அதனால்தான் "தெரியாமல் நடந்தது" என்று யாராவது எழுதினால் எனக்குத் தாங்குவதில்லை.

#7 நிலாமதி

பணத்தை யாரும் தொடவில்லை. பிடிக்காத போரை நடத்துகிறவர்கள் மக்களிடமிருந்து முதலில் மறைப்பது செலவுச்சீட்டைத்தான்.

மக்னமாராவின் ஜூலை 20 குறிப்பு 2,35,000 ரிசர்வ் படையினரை அழைக்கச் சொன்னது. ரிசர்வ் என்றால் அவசரத்துக்கு மட்டும் அழைக்கப்படும் படை; மற்ற நாளில் வேலையில் இருக்கிறவர், குடும்பஸ்தர். அவர்களைக் கூப்பிட்டால் நாடு முழுக்க வீட்டுக்கு வீடு பேச்சு கிளம்பும், நாடாளுமன்றத்தில் விவாதம் வரும். ஜான்சன் அதை நீக்கினார். கட்டாயப் படைச்சேர்ப்பை மாதம் 17,000-லிருந்து 35,000 ஆக ஏற்றினார். சுமை அதிகம் பேச முடியாத பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள்மேல் விழுந்தது. ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குத் தேதிகளைப் பாருங்கள். ஜூலை 28 அறிவிப்பு. ஜூலை 30 மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) சட்டத்தில் கையெழுத்து. ஆகஸ்ட் 6 வாக்குரிமைச் சட்டம். போர் விவாதம் கிளம்பினால் இவை கவிழும் என்று பயந்தார்.

விளைவு என்ன? பயிற்சி பெற்ற ரிசர்வ் வராததால் ஐரோப்பாவில் இருந்த பிரிவுகளிலிருந்து அனுபவசாலிகளை உருவி எடுத்தார்கள். வியட்நாம் பணி ஓராண்டு என்று வைத்ததால், களம் பழகியவன் வீட்டுக்குப் போக, புதியவன் முதலிலிருந்து கற்றான்.

வரவுசெலவில் இன்னொரு வேலை நடந்தது. 1966 ஜனவரியில் வைத்த 1967 நிதியாண்டுக் கணக்கில், போர் 1967 ஜூன் 30 அன்று முடிந்துவிடும் என்ற ஊகத்தை வைத்தார்கள். நிதியாண்டு முடியும் நாளும் அதுவே. இப்படி வைத்தால் அந்தத் தேதிக்குப் பின் கைக்கு வரும் விமானத்துக்கும் குண்டுக்கும் இன்று பணம் கேட்க வேண்டாம். சுமார் 10 பில்லியன் டாலர் என்று போட்ட செலவு 20 பில்லியனுக்குப் பக்கத்தில் போனது. வரி ஏற்றாமல் கடனில் ஓடியதால் விலைவாசி ஏறத் தொடங்கியது. 10 சதவீத மேல்வரி சட்டமானது 1968 ஜூனில்தான்.

எந்த நாடானாலும், ஒரு போரின் செலவு வழக்கமான பட்ஜெட்டில் வராமல் துணை மானியக் கோரிக்கையில் துண்டு துண்டாக வந்தால், போர் எவ்வளவு காலம் நீளும் என்பதை அரசு சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

#8 இளவேனில்

நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியிருக்கலாமே?

#9 நிலாமதி

கையைக் கட்டிவிட்டுத்தான் கேட்டார்கள். 1965 மே 4 அன்று ஜான்சன் 700 மில்லியன் டாலர் கேட்டார். அந்தத் தொகை அவருக்கு உண்மையில் தேவையே இல்லை, வேறு கணக்கிலிருந்து எடுத்திருக்கலாம். களத்தில் இருக்கும் வீரர்களுக்கான பணம், இதற்கு ஆதரவு என்றால் என் கொள்கைக்கு ஆதரவு என்று சொல்லியே கேட்டார். கீழவையில் 408-7, மேலவையில் 88-3. இரண்டே நாளில் முடிந்தது.

அதற்கு முன்னால் டோங்கின் தீர்மானம், அதாவது படையைப் பயன்படுத்த நாடாளுமன்றம் ஜான்சனுக்குக் கொடுத்த அனுமதி. 1964 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்கக் கப்பல் மேடக்ஸ் மீது வடவியட்நாம் படகுகள் நடத்திய தாக்குதல் உண்மை. ஆகஸ்ட் 4 அன்று நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அன்றே மேடக்ஸ் கப்பலிலிருந்து கேப்டன் ஹெரிக் தகவல் அனுப்பினார்: வானிலைக் கோளாறும் சோனார் இயக்குபவர்களின் பதற்றமும் காரணமாக இருக்கலாம், எதுவும் செய்யும் முன் முழுதாக ஆராயுங்கள் என்று. அன்றிரவே விமானங்கள் கிளம்பின. ஆகஸ்ட் 7 அன்று தீர்மானம் 416-0, 88-2. மேலவையில் எதிர்த்தவர்கள் மோர்ஸ், குரூனிங் இருவர் மட்டுமே. வரைவு மே மாதமே எழுதத் தொடங்கி அலமாரியில் இருந்தது. சம்பவம்தான் வர வேண்டியிருந்தது.

பிளேக்கு பற்றியும் மக்ஜார்ஜ் பண்டி இதே பொருளில் சொன்னார்: இப்படிப்பட்ட தாக்குதல்கள் டிராம் வண்டி மாதிரி, ஒன்று போனால் அடுத்தது வரும்.

#10 கடலோடி

மக்களாட்சி இல்லாத இடத்திலும் இதே பாதைதானா? வாக்கு, பத்திரிகை, பட்ஜெட் பயம் எதுவும் இல்லாத சோவியத் ஏன் ஆப்கானிஸ்தானில் மாட்டியது?

#11 ஆவணப்பித்தன்

நல்ல கேள்வி. ஒரே ஆண்டுக்குள் நேர் எதிரான இரண்டு முடிவுகள் அங்கே உண்டு. 1979 மார்ச்சில் ஹெராத் நகரக் கிளர்ச்சிக்குப் பிறகு ஆப்கன் தலைவர் தராக்கி படை கேட்டார். சோவியத் கட்சியின் உச்சக்குழுவான பொலிட்பீரோ மூன்று நாள் உட்கார்ந்து பேசி மறுத்தது. நம் படை அந்த மக்களோடுதான் சண்டை போட வேண்டியிருக்கும் என்று அப்போதே சரியாகச் சொன்னார்கள். சோவியத் பிரதமர் கோசிகின் தராக்கியிடம் நேரிலேயே முடியாது என்றார்.

டிசம்பர் 12 அன்று படை அனுப்ப முடிவானது. இடையில் நிலவரம் மாறியது, தராக்கியின் ஆட்சியில் இரண்டாம் இடத்தில் இருந்த அமீன் அவரைக் கொன்றார் என்பது உண்மை. ஆனால் முடிவெடுத்த முறையும் மாறியது. தலைவர் பிரெஷ்னெவ், உளவுத்துறையின் அந்திரோப்பவ், பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவ், வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ என்ற சிறு வட்டத்தில் விஷயம் முடிந்தது. கோசிகின் அன்று இல்லை. தலைமைத் தளபதி ஒகார்கோவ் எதிர்த்தபோது, அரசியலைப் பொலிட்பீரோ பார்த்துக்கொள்ளும் என்று வாயடைத்தார்கள். தீர்மானத்தைப் பொலிட்பீரோ உறுப்பினர் செர்னென்கோ கையால் எழுதினார், நாட்டின் பெயரைக்கூட எழுதாமல் "ஏ" என்று ஒரே எழுத்து. தட்டச்சு செய்பவர்கூட அறியக்கூடாது என்கிற அளவுக்கு மறைத்தால், கேள்வி கேட்க வேண்டியவர்களும் அறையில் இருக்க மாட்டார்கள்.

போன படைக்கு "வரையறுக்கப்பட்ட படை" என்று பெயர். அது சுமார் 1 லட்சம் வரை போனது. புதிய தலைவர் கோர்பச்சேவ் 1985 அக்டோபரிலேயே பொலிட்பீரோவில் வெளியேறும் எண்ணத்தைச் சொல்லிவிட்டார். கடைசி அணி பாலம் தாண்டியது 1989 பிப்ரவரி 15.

#12 படைக்கணக்கு

வினைச்சொல் மாறுவதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன இந்தியப் படையின் பெயரே அமைதிகாக்கும் படை. ஆயுத ஒப்படைப்பை மேற்பார்வை பார்ப்பது வேலை, ஒரு டிவிஷன். அக்டோபர் 10 வாக்கில் அதே படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் போரில் இறங்கியது. அக்டோபர் 11 இரவு யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். ஒரு டிவிஷன் நான்கானது. 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி கிளம்புவதற்குள் இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர் இறந்திருந்தனர். அங்கே செத்த தமிழ்ப் பொதுமக்களை இந்த எண்ணோடு சேர்க்காமல் பேசுவது நியாயமில்லை.

இரண்டரை மாதங்களுக்குள் "காத்தல்" "பிடித்தல்" ஆனது. இதைத் தனி இழையில் விரிவாகப் பேசலாம், இங்கே வியட்நாமுக்கே வருகிறேன்.

களத்திலிருந்து மேலே போகும் எண்களும் ஏற்றத்துக்கு எண்ணெய் ஊற்றின. 1967-இல் எதிரியின் பலம் எவ்வளவு என்பதில் சிஐஏவுக்கும் சைகோனில் இருந்த அமெரிக்க ராணுவத் தலைமையகத்துக்கும் சண்டை. சிஐஏ ஆய்வாளர் கணக்கு 5 லட்சத்துக்கு மேல். தலைமையகம் 3 லட்சத்தைத் தாண்டாமல் பிடித்து நிறுத்தியது. எப்படி? ஊர்க்காவல் பிரிவினரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரவில் கண்ணிவெடி புதைப்பதும் பொறிக்குழி வெட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்கள் செத்தால் மட்டும் சடலக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். உயிரோடு இருக்கும்போது கணக்கில் இல்லாத ஆள் செத்த பிறகு கணக்கில் வந்தால், எதிரி வேகமாகக் குறைவதாகத்தான் தாளில் தெரியும். அந்தத் தாளை நம்பித்தான் நவம்பரில் வெஸ்ட்மோர்லண்ட், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று வாஷிங்டனில் பேசினார். 1968 ஜனவரி கடைசியில், வியட்நாமியப் புத்தாண்டான டெட் நாளில், தென்வியட்நாம் முழுக்க எதிரியின் பெருந்தாக்குதல்.

#13 இளவேனில்

மக்கள் கருத்து எப்போது திரும்பியது? அதைப் பார்த்தாவது நிறுத்தவில்லையா?

#14 ஆவணப்பித்தன்

கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் கேட்ட கேள்வி, படை அனுப்பியது தவறா என்பது. 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 சதவீதம். 1967 அக்டோபரில் 47, தவறில்லை என்றவர்கள் 44. ஆக, டெட்டுக்கு மூன்று மாதம் முன்பே கோடு வெட்டிக்கொண்டது.

அரசு உள்ளே திரும்பியது 1968 மார்ச்சில். டெட்டுக்குப் பிறகு தளபதிகள் இன்னும் 2,06,000 பேர் கேட்டார்கள். மார்ச் 1 அன்று பாதுகாப்பு அமைச்சரான கிளார்க் கிளிஃபோர்டு முப்படைத் தளபதிகளைக் கூப்பிட்டு எளிய கேள்விகளாகக் கேட்டார். 2,06,000 போதுமா? தெரியாது. போதாவிட்டால் இன்னும் எத்தனை? தெரியாது. எதிரியும் ஆள் கூட்டினால்? கூட்டலாம். குண்டுவீச்சு மட்டும் போரை முடிக்குமா? முடிக்காது. வெற்றிக்கான திட்டம் என்ன? எதிரியைத் தேய்த்துக்கொண்டே இருப்பது. எவ்வளவு காலம்? சொல்ல முடியாது.

இதில் ரகசியத் தகவல் தேவைப்படும் கேள்வி ஒன்றுகூட இல்லை. 1965 ஜூலையிலும் இவற்றைக் கேட்டிருக்கலாம். அப்போதைய கூட்டங்களில் நேரம் போனது எத்தனை பட்டாலியன், எந்த மாதம், எந்தத் துறைமுகம் என்பதில்தான்.

#15 செங்கோடன்

கிளிஃபோர்டு கேட்டார், ஜான்சன் மார்ச் 31 அன்று குண்டுவீச்சைக் குறைத்து, மறுபடி போட்டியிட மாட்டேன் என்றும் அறிவித்தார். அங்கே போர் முடிந்ததுபோலப் பலர் எழுதுகிறார்கள்.

முடியவில்லை. இன்னும் 2,06,000 பேரை அனுப்ப மாட்டோம் என்பதுதான் அந்த முடிவு. இருக்கிறவர்களைத் திரும்பக் கூப்பிடும் முடிவு அல்ல. முதல் பதிவில் உள்ள எண்ணைத் திரும்பப் பாருங்கள்: உச்சம் 1969 ஏப்ரல். அந்த உரைக்கு ஓராண்டு கழித்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் முன்பே ஒப்புக்கொண்ட அணிகள் வரிசையில் இருந்தன. 1967 முடியும்வரை இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 20,000. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச்சுவர்க் கணக்கில் மொத்தம் 58,000-க்கு மேல். கடைசிப் போர்ப்படை கிளம்பியது 1973 மார்ச் 29.